கேளாதார் வழக்கும் அரசின் கருவூலமும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

முன்னுரை

மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் கட்டிய ஆராய்ச்சி மணியின் கதையை நாம் அனைவரும் தொடக்கப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கன்றை இழந்த பசு மணியின் கயிற்றை இழுத்தது, மன்னன் வெளியே வந்தான், நீதி வழங்கினான். அம்மன்னனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. நீதியின் பெருமையைச் சொல்லவே ஆசிரியர்கள் இக்கதையைக் கூறுவர். நான் இங்கு வேறொன்றைச் சுட்ட விரும்புகிறேன். அந்த மணியைக் கட்டியவர் யார்? பசு கட்டவில்லை. ஊர்மக்கள் பிடியரிசி சேர்த்தும் கட்டவில்லை. அரசன் கட்டினான், அரசின் பொருளால் கட்டினான். வாய் திறந்து முறையிட இயலாத உயிரும் தன்னிடம் வந்துசேர வேண்டுமானால் அதற்குரிய வழியைத் தன் செலவிலேயே அமைக்க வேண்டும் என்று அவன் அறிந்திருந்தான்.

மனிதரைப் பசுவோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. காது கேளாதோர் நம்மைப் போலவே சிந்திப்பவர், உழைப்பவர், உரிமையுடைய குடிமக்கள். ஆயினும் அரசு அலுவலகம், காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றின் வாயிலில் அவர்களுக்கென்று ஒரு மணி கட்டப்பட்டிருக்கிறதா? அதைக் கட்டும் செலவு யாருடையது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரை.

காது கேளாமை என்பது யாது?

நம் துறை மாணவர்கள் டெசிபல் என்னும் அளவை ஒலியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்காகும். 20 கூடினால் 100 மடங்கு. நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குரிய அலைவெண்களில் இரு செவிகளிலும் 70 டெசிபல் இழப்பு உடையவரைக் 'காது கேளாதவர்' என்றும், 60 முதல் 70 வரை இழப்பு உடையவரைக் 'கேள்திறன் குறைந்தவர்' என்றும் வகுக்கிறது. 70 டெசிபல் இழப்பு என்றால் என்ன? நம் செவிக்கு எட்டும் மிக நுண்ணிய ஒலியைக் காட்டிலும் ஒரு கோடி மடங்கு செறிவுள்ள ஒலிதான் அவர் செவியில் முதன்முதலாகத் தட்டும். நாம் பக்கத்தில் நின்று பேசும் பேச்சு அவரைச் சென்றடைவதே இல்லை. 'கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் கேட்கும்' என்று கூறுவோர் இக்கணக்கைச் சிந்திக்க வேண்டும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கேட்டல் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர்.

இங்கு ஓர் உண்மையை மறத்தல் கூடாது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு இழப்பு செவியோடு நிற்பதில்லை. மற்றக் குழந்தைகள் தாயின் மடியிலிருந்தே மொழியைக் கேட்டுக் கற்கின்றன. கேளாத குழந்தைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. சைகை மொழி தெரிந்தவர் அருகில் இருந்தால் அக்குழந்தையும் நிறைவான ஒரு மொழியைப் பெறும். சைகை மொழி வெறும் கையாட்டல் அன்று. அதற்குச் சொல்லுண்டு, சொல்லின் வரிசையுண்டு. புருவத்தை உயர்த்துவதும் தலையை அசைப்பதும் அதில் இலக்கணம். அம்மொழியும் கிடைக்காதபோது வீட்டார் தமக்குள் படைத்துக்கொண்ட சில சைகைகளே அக்குழந்தையின் உலகமாகின்றன. 'எழுதிக் காட்டலாமே' என்பது இத்தகையோர்க்குப் பயன்படாத அறிவுரை. கேட்டறியாத தமிழை எழுத்தில் மட்டும் எப்படி அறிவார்?

எங்கள் வீட்டில் நடந்தது

இதுவரை கூறியது நூலறிவு. இனிக் கூறப்போவது நானறிந்தது.

என் தாயின் தங்கை, என் சித்தி, பிறவியிலேயே காது கேளாதவர். பள்ளிக்குச் சென்றதில்லை. இரணியலுக்கு அருகில் முந்திரி ஆலையில், எங்கள் பக்கத்துப் பேச்சில் 'அண்டி ஆபீசில்', பருப்பு உடைத்துத் தம் சோற்றைத் தாமே ஈட்டுபவர். மூக்கைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் மாமா. கைத்தடி ஊன்றுவதுபோல் காட்டினால் பாட்டா. இப்படி எங்கள் வீட்டுக்குள் ஒரு மொழி உண்டு. அதை மற்றவர்களைவிட நான் விரைவாகப் பேசுவேன். ஆகவே எட்டு வயதிலிருந்தே சித்தியின் வாய் நான்தான். நியாய விலைக் கடை, வங்கி, மருத்துவமனை, எங்கு சென்றாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் குடும்பத்தில் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவரும் அப்போது நான் ஒருவரே. 'படிக்கிற பிள்ளை' சொன்னால் சரியாயிருக்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை.

2017ஆம் ஆண்டு மே மாதம். நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். பாட்டா விட்டுச்சென்ற ஒன்பது சென்ட் மனை மாமாவுக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் மும்மூன்று சென்டாக வரவேண்டியது. சித்தியின் பங்கையும் அம்மாவின் பேருக்கு மாற்றிவிட்டால் ஆறு சென்டில் கடன் வாங்கி வீடு கட்டலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். 'அவள் நம்மோடுதானே இருக்கப் போகிறாள்' என்றார்கள். அதில் வஞ்சம் இருந்ததென்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்துக்குச் சென்றோம். அது எந்த அலுவலகம் என்பது இங்குத் தேவையில்லை.

அங்கிருந்தவர் பத்திரத்தை வாசித்துக் காட்டிவிட்டு, "மக்களே, இது விடுதலைப் பத்திரம். சித்தியிட்ட சொல்லு" என்றார். எனக்கு விடுதலை என்ற சொல் தெரியும். வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆகவே இரு மணிக்கட்டுகளையும் கட்டியதுபோல் சேர்த்துவைத்து, பிறகு பறவை பறப்பதுபோல் விரித்துக் காட்டினேன். சித்தி சிரித்தார். பாட்டா வாங்கியிருந்த கடனெல்லாம் தீர்ந்தது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். "மனசிலாச்சா எண்ணு கேளு" என்றார் அவர். "மனசிலாச்சு" என்று நானே விடை சொன்னேன். சித்தி பெருவிரலை மையில் வைத்தார்.

அவ்வகைப் பத்திரத்தை எங்கள் பக்கத்துப் பழையவர்கள் 'ஒழிமுறி' என்பர். அச்சொல்லைச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிராது. பொருள் என்னவென்று கேட்டிருப்பேன். விளங்கியதாக எண்ணிய சொல்லே என்னை ஏமாற்றியது.

அடுத்த ஆண்டு கட்டட வேலை தொடங்கியபோது, சித்தி தம் மூன்று சென்டின் மூலையில் நட்டிருந்த முருங்கையை வெட்ட ஆட்கள் வந்தார்கள். அவர் ஓடிவந்து தடுத்தார். தம் நெஞ்சைத் தொட்டுத் தரையைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பொழுதுதான் எனக்கும் முழுதாக விளங்கியது. இந்த நிலம் உங்களுடையதன்று என்று நான் சைகையில் சொன்னேன். அவர் சிறிது நேரம் என்னையே பார்த்திருந்தார். பிறகு தம் இரு மணிக்கட்டுகளையும் சேர்த்துவைத்து, மெல்ல விரித்து, புருவத்தை உயர்த்தினார். 'நீ அன்று சொன்னது இதுதானா?' என்று பொருள்.

அந்த வீட்டில்தான் நான் இருந்து படிக்கிறேன். என் மேசை கிடக்கும் இடம் சித்தியின் மூன்று சென்டுக்குள் வருகிறது.

சட்டம் கூறுவது

கல்லூரிக்கு வந்தபின் நூலகத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்தேன். அது நடைமுறைக்கு வந்த நாள் 2017 ஏப்ரல் 19. நாங்கள் பத்திரம் பதியச் சென்றது அதற்கு அடுத்த மாதம்.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்தை உடைமையாகக் கொள்ளவும் மரபுரிமையாகப் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் கூறுகிறது. ஒரு சொத்துப் பரிமாற்றத்தில் மாற்றுத்திறனாளிக்குத் துணைநிற்பவரின் நலனும் அவருடைய நலனும் முரண்படுமாயின், அத்துணைவர் அப்பரிமாற்றத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். இதைப் படித்த அன்று வேறொன்றும் படிக்க எனக்குத் தோன்றவில்லை. சித்தியின் பங்கு போய்ச்சேர்ந்தது என் தாய்க்கு. பேசியவன் தாயின் பிள்ளையாகிய நான். பன்னிரண்டு வயதில் முரண்பட்ட நலன் எனக்கு இருந்தது. அது எனக்கே தெரியாது.

நீதிமன்றங்களும் இதையே வேறு சொற்களில் கூறியுள்ளன. பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம் என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. 2013இல் செய்த திருத்தத்தால், அத்தகைய சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் ஒருவரின் உதவியை நீதிமன்றம் பெறவேண்டும் என்றும், சாட்சியத்தைக் காணொளியாகப் பதிவு செய்யவேண்டும் என்றும் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. ராஜஸ்தான் அரசுக்கும் தர்ஷன் சிங் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சைகையை மொழிபெயர்ப்பவர் எத்தகையவராக இருக்கவேண்டும் என்று வரையறுத்தது. அவர் சாட்சியின் சூழலைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். ஆனால் வழக்கில் எவ்வித நலனும் இல்லாதவராக இருக்கவேண்டும். அவருக்கும் உறுதிமொழி செய்விக்க வேண்டும்.

இவ்விரு தகுதிகளையும் ஒன்றாக நோக்குங்கள். சித்தியின் சைகை டெல்லியில் கற்பிக்கும் சைகை அன்று. இரணியலில் ஒரு வீட்டுக்குள் பிறந்தது. அதைப் புரிந்துகொள்ள நம்மூர்க்காரர் வேண்டும். ஆனால் நம்மூர்க்காரரோ உறவினராக இருப்பார், அயலாராக இருப்பார், வரப்புத் தகராறில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவராக இருப்பார். ஊரை அறிந்தவராகவும் வேண்டும்; ஊரில் எவருக்கும் ஆளாகாதவராகவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடம் பொருந்த வேண்டுமானால், அவருக்குச் சோறு போடுவது கட்சிக்காரராக இருக்கக்கூடாது. பொதுப்பணமே அவருக்குச் சம்பளம் தரவேண்டும். என் கட்டுரையின் கருத்து முழுவதும் இவ்வளவே.

மூவகைப் பணி

அவர் செய்யவேண்டிய பணியை 'உரிமைத் துணைப்பணி' எனலாம். அது மூவகைப்படும். முதலாவது மொழிபெயர்ப்பு: அலுவலர் சொல்வதை இவருக்கும், இவர் சொல்வதை அலுவலருக்கும் பிழையின்றிச் சேர்த்தல். இரண்டாவது வழிகாட்டல்: எந்தச் சலுகைக்கு எந்த மனு, எந்த அலுவலகம், எந்தச் சான்று என்று கூறுதல். மூன்றாவது பரிந்து நிற்றல்: தவறு நிகழும்போது 'இவருக்கு இது விளங்கவில்லை, விளங்கும்வரை கையெழுத்து வாங்காதீர்கள்' என்று சொல்லுதல். முதற்பணியைச் செய்ய நான் அன்று முயன்று தவறினேன். மூன்றாவது பணியைச் செய்ய அங்கு எவருமே இல்லை.

பரிந்து நிற்போரால் என்ன விளையும் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். காது கேளாதோர்க்கு வாகன ஓட்டுநர் உரிமம் மறுக்கப்பட்டுவந்த காலம் ஒன்று இருந்தது. தேசியக் காது கேளாதோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. தேர்வில் வென்றால் அவர்களுக்கும் உரிமம் தரலாம் என 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழி திறந்தது. அவர்களின் செவி மாறவில்லை; அவர்களுக்காக வாதாட ஓர் அமைப்பு இருந்தது, அவ்வளவே.

பொதுப்பணம் எங்கே செல்கிறது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நன்றி மறத்தலாகும். செவித்துணைக் கருவிகள் விலையின்றி வழங்கப்படுகின்றன. குழந்தைகளுக்கு உட்செவியில் கருவி பொருத்தும் 'காக்ளியர்' அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. மையத்தின் உதவி உபகரணத் திட்டமும் ஒரு குழந்தைக்குப் பல இலட்சம் ரூபாய் செலவிடுகிறது. தமிழ்நாடு அரசு காது கேளாதோர்க்குத் தக்க செயலிகளுடன் திறன்பேசியும் அளிக்கிறது. அரசுப் பணியில் காது கேளாதோர்க்கும் கேள்திறன் குறைந்தோர்க்கும் 100க்கு 1 இடம் என்பது சட்டம்.

இவை போற்றத்தக்கவை. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை ஒருமுறை கொடுத்து முடிக்கும் பொருள்கள் என்பதைக் கவனியுங்கள். கருவியைக் கொடுக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், கணக்கை முடிக்கலாம். மனிதரை வேலைக்கு வைத்தால் கணக்கு முடிவதில்லை. மாதந்தோறும் சம்பளம் தரவேண்டும். ஆகவே செவிக்குக் கிடைக்கும் பணம் பேச்சுக்குக் கிடைப்பதில்லை. சிறு வயதில் பொருத்தினால் பெரும்பயன் தரும் காக்ளியர் கருவி, மொழி பெறும் பருவம் கடந்துவிட்ட என் சித்தி போன்றோர்க்கு அதிகம் உதவாது. அவர்களுக்கு வேண்டியது ஓர் ஆள்.

ஆள் உருவாகும் வழியும் மெல்லத் திறந்துவருகிறது. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் நிறுவப்பட்டது. அது 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட சைகை மொழி அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. மொழிபெயர்ப்பாளராக விரும்புவோர்க்கு ஈராண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. ஆயினும் 50 இலட்சம் பேர் வாழும் நாட்டில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் சில நூற்றுவரே. படித்தபின் வேலை உறுதியில்லாத படிப்பை யார்தாம் படிப்பர்? பணியிடம் தோன்றினால் படிப்போர் பெருகுவர்.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர்தல் தகும். காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் அங்கு வாதாடினார். அன்று வந்த மொழிபெயர்ப்பாளர் வழக்கறிஞர் தரப்பில் அழைத்துவந்தவர். அடுத்த மாதமே நீதிமன்றம் தானே அவருக்கென ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது. சில நாள்களுக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் சிறிதன்று. மணியைக் கட்டுவது முறையிடுபவரின் பொறுப்பன்று, மன்றத்தின் பொறுப்பே என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் செயலால் ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றத்துக்குப் பொருந்துவது எங்கள் இரணியல் நீதிமன்றத்துக்கும் பொருந்தவேண்டும் அன்றோ?

பிற நாடுகளில்

பின்லாந்தில் காது கேளாத ஒருவர்க்கு ஆண்டுக்குக் குறைந்தது 180 மணி நேர மொழிபெயர்ப்புச் சேவையை அரசு தருகிறது. காதும் கண்ணும் ஒருங்கே குறைந்தவர்க்கு 360 மணி நேரம். இது 2010ஆம் ஆண்டுச் சட்டம். 'உதவி செய்வோம்' என்னாமல், 'இத்தனை மணி நேரம்' என்று எண்ணிச் சொன்னதே அதன் சிறப்பு. எண் இருந்தால்தான் கேட்டுப் பெறமுடியும்.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவமனை அமர்த்தும் மொழிபெயர்ப்பாளரின் செலவை நோயாளியிடம் வாங்கக்கூடாது. காது கேளாதவர் பிறரோடு தொலைபேசியில் பேச இடைநின்று மொழிபெயர்க்கும் சேவையும் அங்கு உண்டு. அதற்கான பணம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பங்கிலிருந்து வருகிறது. பேசுவோர் அனைவரின் கட்டணத்திலிருந்தும் ஒரு துளி சேர்ந்து, பேச இயலாதோர்க்கு வழியாகிறது.

ஐயங்கள் சில

இக்கருத்தை நண்பர்களிடம் கூறியபோது அவர்கள் எழுப்பிய ஐயங்கள் பொருளற்றவை அல்ல.

'தொண்டு நிறுவனங்கள் செய்யலாமே' என்றார் ஒருவர். செய்கின்றன, நன்றாகவே செய்கின்றன. பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி, தென்பகுதிக் குழந்தைகள் எத்தனையோ பேருக்குக் கல்வி தந்துள்ளது. ஆனால் தொண்டு இருக்கும் ஊரில் உரிமையும், தொண்டு இல்லாத ஊரில் உரிமையின்மையும் என்பது நீதியாகாது.

'திறன்பேசியில் காணொளி வழியே சென்னையிலிருந்து மொழிபெயர்க்கலாமே' என்றார் மற்றொருவர். சைகை மொழி கற்றவர்க்கு அது மிகவும் ஏற்றது, உடனே செய்யத்தக்கது. ஆனால் வீட்டுச் சைகை மட்டுமே தெரிந்தவர்க்கு அது போதாது. அவரோடு சில நாள் அமர்ந்து பழகவேண்டும். இப்பணிக்குக் காது கேளாதவர் ஒருவரையே அமர்த்தி, கேட்கும் திறனுடைய மொழிபெயர்ப்பாளருடன் இணைத்துவிடுவது மேலும் சிறந்தது. சைகையை ஊகித்தறிவதில் அவர்களுக்கு இணை அவர்களே.

மூன்றாவது ஐயமே கடினமானது. 'அரசின் சம்பளம் வாங்குபவர் அரசு அலுவலரை எதிர்த்து எப்படிப் பேசுவார்?' என் வகுப்புத் தோழர் கேட்ட இக்கேள்வியை நான் பல நாள் சிந்தித்தேன். அதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை உண்டு. அவ்வழக்கறிஞருக்குக் கட்டணம் தருவது பொதுப்பணமே. ஆயினும் அவர் அரசை எதிர்த்து வாதாடத் தடையில்லை. ஏனெனில் அவ்வமைப்பு துறை அலுவலரின் கீழ் இயங்குவதில்லை. மாவட்டத்தில் மாவட்ட நீதிபதியும், வட்டத்தில் அங்குள்ள மூத்த நீதித்துறை அலுவலரும் அதன் தலைவர்கள். உரிமைத் துணைவரையும் வட்டச் சட்டப் பணிகள் குழுவின்கீழ் வைக்கலாம். பணம் கருவூலத்திலிருந்து வரட்டும். கட்டளை துறையிலிருந்து வரவேண்டாம். மேலும், இன்று இலவச வழக்கறிஞர் கிடைத்தாலும் அவர் தம் கட்சிக்காரரிடம் என்ன நடந்ததென்று கேட்டறிய வழியில்லாவிட்டால், அவ்வுதவி பாதிப் பாலத்தைப் போன்றதே.

ஒரு சிறு கணக்கு

'நிதியில்லை' என்பது இறுதியாக எழும் தடை. அறிவியல் மாணவர்கள் கணக்குப் போடாமல் ஒப்புக்கொள்ளக்கூடாது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் என ஆறு வட்டங்கள் உள்ளன. வட்டத்துக்கு ஒரு துணைவர். மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். ஆறு பேர்க்கும் ஆண்டுக்கு 21 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18 இலட்சத்து 70 ஆயிரம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 1 ரூபாய் 15 காசு. பயணப்படி, பயிற்சி, காணொளிக் கருவி எல்லாம் சேர்த்துச் செலவை இரட்டித்தாலும் இரண்டரை ரூபாயை எட்டாது. திங்கள்சந்தையில் ஒரு தேநீர்கூட இவ்விலைக்குக் கிடைக்காது.

புதுக் கட்டடமும் வேண்டியதில்லை. உலக வங்கியின் கடனுதவியுடன் நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின்கீழ் மாற்றுத்திறனாளிகளுக்காக 'விழுதுகள்' சேவை மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கு ஒரு நாற்காலியும், வட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாற்காலியும் போதும். மாநில அளவில் மாற்றுத்திறனாளிகளுக்கென நிதியம் ஒன்று அமைக்க உரிமைச் சட்டத்தின் 88ஆம் பிரிவே வழிசெய்கிறது. சட்டம் இருக்கிறது, பணம் வரும் வாய்க்காலும் சட்டத்தில் இருக்கிறது. மடையைத் திறக்கச் சொல்லிக் கேட்பார்தாம் இல்லை.

முடிவுரை

காது கேளாதோர் கூட்டமாகக் கூவி முழக்கமிட்டுக் கேட்கமாட்டார்கள். ஆகவே அவர்களின் கோரிக்கை வரவுசெலவுத் திட்டம் எழுதுவோர் செவியில் எளிதில் விழுவதில்லை. இதில் செவிடு யாருடையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மாணவர்களாகிய நாம் சைகை மொழியில் சில சொற்களையாவது கற்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஆனால் நம் நல்லெண்ணம் சம்பளம் பெறும் துணைவருக்கு ஈடாகாது. நல்லெண்ணமும் அரைகுறை அறிவும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு நானே சான்று. எனவே என் வகுப்புத் தோழர்கள் சிலரும் நானும் சேர்ந்து, வட்டத்துக்கு ஓர் உரிமைத் துணைவரை அமர்த்த வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை தோறும் நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதை அளிக்கவிருக்கிறோம். விரும்பும் மாணவர்களும் பேராசிரியர்களும் அதில் கையெழுத்திடலாம்.

அம்மனுவில் சித்தியின் பெருவிரல் ரேகையும் இருக்கிறது. இம்முறை அதை வாங்குவதற்கு எனக்கு மூன்று மாலைகள் ஆயின. படம் வரைந்து காட்டினேன்; நடித்துக் காட்டினேன்; பத்திர அலுவலகத்தில் அன்று நின்றவாறே நின்று, என் வாயைப் பொத்தி, அவ்விடத்தில் வேறொருவர் வந்து நிற்பதாகக் காட்டினேன். மூன்றாம் நாள் மாலை அவரே அதை எனக்குத் திரும்ப நடித்துக் காட்டினார். என்னை ஒதுக்கிவிட்டு, அந்த வேறொருவரைத் தம் பக்கத்தில் நிறுத்தினார். அதன் பிறகே மைப்பெட்டியைத் திறந்தேன். அவருக்கு விளங்கிற்றா என்று இம்முறை எவரும் என்னைக் கேட்கவேண்டியதில்லை.